கிணற்றடியில் ஒரு நோட்டுப் புத்தகம்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கல்குவாரிகளைப் பற்றி இரண்டே பத்திதான் எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த முறை முழுப் பக்கங்களும் குவாரிக்கும், கல்லை உடைத்து அரைக்கும் கிரஷருக்கும்தான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். புதிய வாசகர்களுக்காக ஒரு வரி: நான் நிலத்தடி நீர் ஆய்வுப் பணியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். என் அப்பா சென்னையை அடுத்த பம்மலில் கல் உடைத்தவர்.

அம்மா, எங்கள் கிணறு 65 அடி. தாத்தா காலத்தில் வெட்டியது. நாலு வருடத்துக்கு முன் 400 மீட்டர் தள்ளி ஒரு குவாரி வந்தது. இப்போது அது எங்கள் கிணற்றைப் போல இரண்டு மடங்கு ஆழம். மாசி பிறந்தாலே கிணறு காய்ந்துவிடுகிறது. கேட்டால், ‘மழை இல்லாததுக்கு நாங்க என்னங்க பண்றது’ என்கிறார்கள். இதை நிரூபிக்க வழி உண்டா? (வாசகி, கரூர் மாவட்டம்)

உண்டு. ஆனால் இன்றைக்கே தொடங்க வேண்டும்.

முதலில் கிணற்றுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உங்கள் பகுதியில் மேலே மண், அதன்கீழ் கையால் உதிர்க்கக் கூடிய மக்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 73 சதவீதம் இப்படிப்பட்ட பாறை நிலம்தான். இங்கே பூமிக்கடியில் தண்ணீர் குளம் போல நிற்பதில்லை. மக்கிய பாறையில் ஊறி, கெட்டிப் பாறையின் வெடிப்புகள் வழியாக மெதுவாக நகர்கிறது. அந்த வெடிப்பு கிணற்றுச் சுவரில் வந்து திறக்கும் இடத்தைத்தான் உங்கள் தாத்தா ஊற்றுக்கண் என்று சொல்லியிருப்பார்.

அதே வெடிப்பைப் பக்கத்தில் இன்னொருவர் இன்னும் ஆழத்தில் வெட்டித் திறந்தால், தண்ணீர் தாழ்ந்த இடத்துக்குத்தான் போகும். குவாரிக்குள் வந்து சேரும் தண்ணீரை வேலை நடப்பதற்காக மோட்டார் வைத்து இறைத்து ஓடையில் விடுவார்கள். இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள நீர்மட்டம் குவாரியை நோக்கிச் சரியும். கோடையில் ஒருநாள் குவாரியின் மேல்விளிம்பிலிருந்து, பாதுகாப்பான தூரத்தில் நின்று, எதிர்ச் சுவரைப் பாருங்கள். வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும் பாறையில் ஒரு கோடு மட்டும் கருப்பாக ஈரம் கசிந்து, பாசி பிடித்திருக்கும். பங்குனி வெயிலிலும் அது காயாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். யாரோ ஒருவருடைய கிணற்றுக்கு வர வேண்டிய தண்ணீர் அது.

சரி, எல்லாக் கிணறும் குவாரியால்தான் வற்றுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். மழை பொய்த்தாலும் வற்றும். பக்கத்துத் தோட்டத்தில் 800 அடி போர் போட்டாலும் வற்றும். எது காரணம் என்று பிரித்துக் காட்டத்தான் கணக்கு வேண்டும்.

ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டிக்கொள்ளுங்கள். கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தில் சிவப்புப் பெயின்ட் வைத்து, எப்போதும் அங்கிருந்தே இறக்குங்கள். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும், விடிகாலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால் அளந்து நோட்டில் எழுதுங்கள். உங்கள் கிணறு, குவாரிக்கு அருகில் இன்னும் இரண்டு கிணறு, அப்புறம் குவாரியிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிணறு. இந்தக் கடைசிக் கிணறுதான் மிக முக்கியம். தாலுகா மழை அளவையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நாலு கிணறும் ஒரே மாதிரி இறங்கினால் மழைதான் காரணம். தள்ளியிருக்கும் கிணறு நின்று, அருகிலிருக்கும் மூன்றும் மட்டும் இறங்கினால், ‘மழை இல்லை’ என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போகும்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு விசாரணைக்குப் போயிருந்தேன். ஒரு பெரியவர் பேரனின் நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். மூன்று வருடக் கணக்கு. ‘சித்திரை 2, பதினெட்டரை முழம்’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. அன்றைக்கு அங்கே இருந்த எங்கள் கோப்புகளைவிட அந்த நோட்டுதான் நேர்த்தியாக இருந்தது. அதைத் தள்ளிவைக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

அடுத்தது, காகிதம். ஒவ்வொரு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதியும் சுரங்கத் திட்டமும் இருக்கும். 5 ஹெக்டேருக்கும் குறைவான சின்னக் குவாரிக்குக்கூட இந்த அனுமதி வேண்டும் என்று 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அனுமதிக் கடிதம் மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தரைமட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் ஆழம் வரை வெட்டலாம் என்று அதில் எழுதியிருக்கும். நிபந்தனைகளைப் பின்பற்றியதற்கான அறிக்கையை வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன் 1-க்கும் டிசம்பர் 1-க்கும், குத்தகைதாரர் தர வேண்டும். அந்த அறிக்கைகளையும் கேட்டு வாங்குங்கள். காகிதத்தில் உள்ள ஆழமும் கண்ணில் தெரியும் ஆழமும் ஒத்துப்போகவில்லை என்றால், உங்கள் நோட்டையும் சேர்த்து ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். இழப்பீடு கேட்டுத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போவதென்றால், பாதிப்பு தொடங்கியதிலிருந்து ஐந்து வருடத்துக்குள் போக வேண்டும். உங்களுக்கு நாலு வருடம் ஏற்கெனவே ஓடிவிட்டது. அதனால்தான் இன்றைக்கே என்றேன்.

தினமும் சாயங்காலம் வெடி வைக்கிறார்கள். அலமாரியில் டம்ளர் ஆடுகிறது. சுவரில் விரிசல். ‘உங்க வீட்டு அஸ்திவாரம் சரியில்லை’ என்கிறார்கள். (வாசகர், சிவகங்கை மாவட்டம்)

இரண்டும் நடக்கக் கூடியதுதான். கரிசல் மண்ணில் நின்ற வீடு வெடி இல்லாமலேயே விரியும். ஆனால் டம்ளர் ஆடுவதற்கு அஸ்திவாரத்தைக் குறை சொல்ல முடியாது.

வெடி வைக்கும்போது தரை எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-இல் இதற்கு வரம்பு வைத்தது. குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத குடியிருப்பு வீடுகளில், அதிர்வெண் (தரை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது) 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை என்றால் 10, அதற்கு மேல் 15. பழங்கால நினைவுச் சின்னங்களுக்கு இன்னும் குறைவு: 2, 5, 10. உங்கள் வீட்டு வாசலில் கருவியை வைத்து அளக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வெடிப்பவர் ஒரே நேரத்தில் எவ்வளவு மருந்து வெடிக்கிறது என்பதைக் குறைத்து, குழிக்குக் குழி சில மில்லி செகண்டு இடைவெளி விட்டால் அதிர்வு நன்றாகக் குறையும். முடியாத காரியமில்லை, செலவும் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான்.

விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு பக்கமும் பசை வைத்து ஒட்டுங்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்த தேதியையும் அன்று வெடி வைத்த நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு தூரத்தை அளந்து பாருங்கள். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளின்படி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி இருக்கக் கூடாது.

நீலமே இல்லாத கல்லுக்கு நீலக்கல், ‘புளூ மெட்டல்’ என்று ஏன் பெயர்? (மாணவி, தாம்பரம்)

புதிதாக உடைத்த பாறையை மழையில் நனைத்துப் பாரம்மா, நீலம் தெரியும். உன் ஊர்ப் பக்கத்துப் பாறைக்கு உலகப் பெயரே உண்டு: சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயருடைய கல்லறைப் பலகை, சென்னைப் பக்கத்திலிருந்து போன கல். அதை வைத்துத்தான் 1893-இல் ஹாலந்து என்ற புவியியலாளர் இந்தப் பெயரைச் சூட்டினார். இன்னொன்றும் சொல்கிறேன்: இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகுக்குக் காட்டிய கற்கருவி ஒன்றை ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று கண்டெடுத்தது பல்லாவரத்தில், ஒரு சரளைக் குழியில்.

என் வீட்டுக்காரர் பதினொரு வருடமாகக் கிரஷரில் வேலை பார்க்கிறார். ஆறு மாதமாக இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டி.பி. மருந்து ஒரு முறை சாப்பிட்டாயிற்று. வேலையை விடச் சொன்னால் கோபப்படுகிறார். (வாசகி, திருப்பூர் மாவட்டம்)

தங்கச்சி, உங்கள் கடிதத்தை எடுத்துவைத்துவிட்டு ஒருநாள் முழுக்க எதுவும் எழுத முடியவில்லை. என் அம்மா இதே வார்த்தைகளைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அப்பா ஒன்றரை இன்ச் ஜல்லி உடைப்பார். காலை நீட்டி உட்கார்ந்து, விரல்களில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொண்டு, ஒரு கல்லை நிறுத்தி ஒரே அடி. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவமும் இமையும் வெளுத்திருக்கும். வாசலில் நின்று துண்டை உதறுவார். அந்த வெயிலில் தூசி மினுங்கும். நானும் தம்பியும் அதைப் பிடிக்கக் கை நீட்டி விளையாடியிருக்கிறோம். நாற்பத்தைந்து வயதில் இருமல் வந்தது. இரண்டு முறை டி.பி. மருந்து கொடுத்தார்கள். ‘என்ன வேலை பார்க்கிறீங்க’ என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. பல வருடம் கழித்து, வேலைக்குச் சேர்ந்து, பாறைத் தூசியைப் பற்றிப் படித்தபோதுதான் அப்பாவுக்கு வந்தது என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

அதன் பெயர் சிலிக்கோசிஸ். கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் உடையும்போது மிக நுண்ணிய துகளாகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு பிடித்துவிடும். தெரியாத தூசிதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, அங்கே தழும்பாகிறது. அந்தத் தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. இந்த நோய் உள்ளவர்களுக்கு டி.பி. எளிதாகத் தொற்றும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்று போலத் தோன்றுவதும் உண்டு. அதனால் டாக்டரிடம் போனதும் முதல் வாக்கியமாக, ‘பதினொரு வருஷமா கிரஷர்ல வேலை’ என்று நீங்களே சொல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியின் நெஞ்சுநோய்ப் பிரிவுக்குப் போங்கள். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, மூச்சு அளவு, மூன்றும் வேண்டும். எல்லா எக்ஸ்ரேயையும் தேதியோடு பத்திரமாக வையுங்கள். இது சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். உறுதியானால் இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள்.

முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது இந்தத் தூசியைத் தடுக்காது. தூசியைப் பிறக்கும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். கல் கொட்டும் தொட்டியிலும், ஜா கிரஷரின் வாயிலும், பெல்ட்டிலிருந்து ஜல்லி விழும் இடத்திலும் தண்ணீர் தெளிப்பு, சல்லடைக்கு மூடி, காற்றுத் தடுப்புச் சுவர், வளாகத்துக்குள் தார் அல்லது கான்கிரீட் பாதை. இவையெல்லாம் கிரஷர்களுக்குச் சட்டத்திலேயே இருக்கின்றன. இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் அளந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் மிதக்கும் தூசி 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பதும் சட்டம். தண்ணீர் தெளித்தால் எம்-சாண்ட் (பாறையை அரைத்து எடுக்கும் செயற்கை மணல்) ஈரமாகிச் சல்லடை அடைக்கிறது என்று குழாயை மூடிவைக்கிற இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு குழாயைத் திறந்துவைத்தாலே சில உயிர் மிஞ்சும்.

உங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் வருவது வேலை போய்விடும் என்ற பயத்தால். தூசி குறைந்த வேலை, எடைமேடையோ டிப்பர் சீட்டுப் போடுவதோ, அங்கேயே கிடைக்குமா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் கிரஷர் பக்கம் மட்டும் இனி நிற்க வேண்டாம். வேலைத் துணியை வீட்டுக்குள் உதறாதீர்கள், நனைத்துத் துவையுங்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் சிவில் இன்ஜினியர். குவாரியே கூடாது என்றால் வீடு எதில் கட்டுவது? எம்-சாண்ட் வந்ததால்தானே ஆறு பிழைத்தது? (வாசகர், கோவை)

குவாரியே கூடாது என்று நான் எங்கும் எழுதவில்லை, தம்பி. என் வீடும் கல்லில்தான் நிற்கிறது. பாலாற்றிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய லாரி வரிசையைக் கண்ணால் பார்த்தவள் நான். எம்-சாண்டின் தேவை எனக்குப் புரிகிறது. ஆனால் முன்பு ஜல்லிக்கு மட்டும் உடைத்த பாறையை இப்போது மணலுக்கும் சேர்த்து உடைக்கிறோம். 1,000 சதுர அடி வீட்டுக்கு ஜல்லி மட்டும் ஏறக்குறைய 13 யூனிட், எடையில் 50 டன்னுக்கு மேல். மணல் அதைவிடக் கூடுதல். உலகம் முழுவதும் வருடத்துக்கு 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் பயன்படுத்துகிறோம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் சொன்னது. ஆற்றிலிருந்து சுமையை இறக்கி மலைமேல் ஏற்றிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

உங்களைப் போன்றவர்கள் கையில் நிறைய இருக்கிறது. ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383, 2016-லேயே இடிபாட்டுக் கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லிக்கு இடம் கொடுத்துவிட்டது: சாதாரணக் கான்கிரீட்டில் 25 சதவீதம், எம்25 என்ற வலிமைத் தரம் வரையான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாடுகளைப் பிரித்து அரைக்கும் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் எத்தனை இன்ஜினியர்கள் தங்கள் மதிப்பீட்டில் அதை எழுதுகிறார்கள்? நல்ல பழைய வீட்டை இடிக்கச் சொல்வதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள். வாசலிலிருந்து கொல்லை வரை கான்கிரீட் போடச் சொல்லும் வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். கல்லும் மிச்சம், மழைத் தண்ணீரும் மண்ணில் இறங்கும்.

கிரஷர் தூசி நிலத்துக்கு உரம் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், நாமக்கல் மாவட்டம்)

பாறைப் பொடி மண்ணில் கலந்து கரைந்து சத்தாக மாற வெகுகாலம் ஆகும். இலைமேல் படியும் தூசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தூசி படிந்த இலைக்கு வெளிச்சம் குறைவு, மூச்சுத் துளைகளும் அடைபடும். உங்கள் முருங்கையில் தார்ச்சாலைப் பக்கக் கிளையையும் உள்பக்கக் கிளையையும் பிடித்துப் பாருங்கள், பூவின் எண்ணிக்கையே சொல்லிவிடும்.

எங்கள் ஊரில் ஏழு குவாரிக்குச் சேர்த்து அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம். போய் என்ன பேசுவது? (இளைஞர் குழு, விழுப்புரம் மாவட்டம்)

உணர்ச்சியாகப் பேசுபவர்கள் அங்கே நிறையப் பேர் இருப்பார்கள். நீங்கள் கேள்வியோடு போங்கள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்கும். முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். 500 மீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கும் குவாரிகளை ஒரு தொகுப்பாகவே பார்க்க வேண்டும். எனவே ஏழின் தூசியையும், ஏழின் லாரியையும், ஏழும் இறைக்கும் தண்ணீரையும் சேர்த்துக் கேளுங்கள்.

லாரிக் கணக்கை நீங்களே போடலாம். ஒரு குவாரி வருடம் 1 லட்சம் கன மீட்டர் கல் எடுக்கும் என்று இருந்தால், எடை சுமார் 2.6 லட்சம் டன். 20 டன் லாரிக்கு 13,000 நடை. 300 வேலைநாள் என்றால் தினம் 43 நடை, போக வர 86. இப்போது அந்தச் சாலையில் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கடைசி ஆழம் எவ்வளவு, வேலை முடிந்ததும் குழியை என்ன செய்வார்கள், அதற்குப் பணம் எங்கே ஒதுக்கியிருக்கிறது என்பதையும் கேளுங்கள். நீங்கள் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். எழுத்திலும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அனுமதி வந்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள்.

எங்கள் ஊரில் கைவிட்ட குவாரி ஒன்று. போன வருடம் என் வகுப்பு மாணவன் ஒருவன் அதில் குளிக்கப் போய் இறந்துவிட்டான். மூடச் சொன்னால், குப்பை கொட்டி மூடலாம் என்கிறார்கள். சரியா? (ஆசிரியர், திருவண்ணாமலை மாவட்டம்)

குப்பை மட்டும் வேண்டவே வேண்டாம், ஐயா. முதல் பதிலில் சொன்ன வெடிப்புகளை நினைத்துப் பாருங்கள். குழிக்குள் தண்ணீர் வந்த அதே வழியில், குப்பைச் சாறு ஊர்க் கிணறுகளுக்குப் போகும். அதைப் பிறகு யாராலும் எடுக்க முடியாது.

பையன்கள் ஏன் சாகிறார்கள் என்றால், குளம் மாதிரி அதற்குக் கரைச்சரிவு இல்லை. படிப்படியாக வெட்ட வேண்டும் என்பது விதி. கெட்டிப் பாறையில் ஒரு படி 6 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது, படியின் அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது. அப்படி வெட்டாத குழியில் ஓர் அடி வைத்தால் அடுத்த அடிக்குத் தரை இல்லை. மேலே வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் கீழே உடம்பை இழுத்துப் பிடிக்கும் குளிர். நீச்சல் தெரிந்த பிள்ளையும் ஏறப் பிடி இல்லாமல் தவித்துப் போகும். இந்தச் செங்குத்துச் சுவர் வேலை நடக்கும்போதும் கொல்லும். 2022 மே 14 இரவு நெல்லை அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து நாலு தொழிலாளிகள் இறந்துபோனார்கள்.

குழியை நல்ல வழிக்குக் கொண்டுவர முடியும். 2017 வறட்சியில் சென்னைக்குக் குடிநீர் போதாமல் போனபோது, மாங்காடு அருகே சிக்கராயபுரத்தின் பழைய கல்குவாரிகளிலிருந்துதான் தண்ணீர் எடுத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து ஊருக்குக் கொடுத்தார்கள். ஆகவே உங்கள் குழியையும் நீர்நிலையாக வைத்துக்கொள்ளக் கேளுங்கள். தண்ணீரை முதலில் பரிசோதனைக்கு அனுப்புங்கள், வெடிமருந்தின் நைட்ரேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாக்கடை எதுவும் உள்ளே விழாமல் தடுக்க வேண்டும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் வேலி. சுற்றிலும் ஆளுயரக் கம்பி வேலி, ஒரே ஒரு பூட்டிய வாசல், தமிழில் பெரிய எழுத்தில் பலகை, பக்கத்தில் கயிற்றோடு கட்டிய இரண்டு லாரி டியூப். குவாரிகளிலிருந்து வசூலாகும் தொகையில் மாவட்ட கனிம அறக்கட்டளை நிதி என்று ஒன்று இருக்கிறது; அது பாதிக்கப்பட்ட ஊர்களுக்கானது. கிராம சபையில் தீர்மானம் போட்டு, அந்த நிதியிலிருந்து வேலிக்குக் கேளுங்கள். கோடை விடுமுறைக்கு முன்னால் வேலி நிற்க வேண்டும் என்று தீர்மானத்தில் தேதி போடுங்கள். தீர்மானத்தின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்பிவையுங்கள், ஆட்சியருக்கு நானும் ஒரு கடிதம் எழுதுகிறேன்.